கேட்டால் குறைந்து போவோமா?

நிகழ்ச்சியின் நடுவே பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் ஒலிபரப்புக் கூடத்தின் தொலைபேசி மினுங்கியது. வானொலியில் பேச வேண்டாம், உங்களிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும் என்றார் மறுமுனையில் ஓர் அம்மா.

"தங்கச்சி, பையனுக்கு பாலிடெக்னிக்ல இடம் கெடச்சிருக்கு. நீங்க கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஏதோ கல்வி உதவிநிதின்னு சொன்னீங்களே, அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கா? இல்ல ரொம்பக் கஷ்டப்படுறவங்களுக்கா?"

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். கணவர் பாதுகாவலர் வேலை. இவர் பள்ளி உணவகம் ஒன்றில் பகுதிநேரம். மூன்று பிள்ளைகள், கூடவே மாமியார். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் சுமார் 3,300 வெள்ளி. ஆறு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 550 வெள்ளி.

"அக்கா, கண்டிப்பா விண்ணப்பம் போடுங்க" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கம்பக்கத்துல தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க தங்கச்சி?" என்றார். பாட்டு முடியும் நேரம் வந்துவிட்டது. நான் ஒலிவாங்கிக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி மட்டும் என்னோடு பேருந்து ஏறி வீடு வரை வந்தது. அது எனக்குப் பழக்கமான கேள்வி.

இழுப்பறையில் கிடந்த படிவம்

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சேர்க்கைக் கடிதங்களோடு ஓர் உதவிநிதிப் படிவமும் வீட்டுக்கு வந்தது. அப்பா அதை இருமுறை படித்துவிட்டு, "நம்மளவிடக் கஷ்டப்படுறவங்களுக்குப் போகட்டும்மா" என்று சொல்லி இழுப்பறையில் வைத்தார். அவர் சொன்னதில் பெருந்தன்மையும் இருந்தது, கூச்சமும் இருந்தது. எது எவ்வளவு என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முதலாண்டு முழுக்க மாலையிலும் வார இறுதியிலும் ஒரு துரித உணவகத்தில் வேலை பார்த்தேன். மணிக்கு 5 வெள்ளி. இரவு கடை மூடித் தரை துடைத்துவிட்டு வீடு வரப் பதினொன்றரை ஆகும். காலை எட்டு மணி வகுப்பில் தூங்குவேன். ஆண்டு முடிவில் ஒரு பாடத்தில் நூலிழையில் தேறினேன்.

இரண்டாம் ஆண்டில் மாணவர் அலுவலகத்தில் இருந்த ஓர் அதிகாரி என்னை அழைத்து உட்கார வைத்து, அதே படிவத்தை என் முன்னாலேயே நிரப்பச் சொன்னார். கிடைத்தது 1,200 வெள்ளி. செல்வந்தர் வீட்டில் அது ஒரு கைப்பேசியின் விலை. எனக்கு அது 240 மணி நேர வேலை. அதாவது மாலைப் பொழுதுகள் அத்தனையும் எனக்குத் திரும்பி வந்தன. அந்த மாலைகளில்தான் கல்லூரி வளாக வானொலிக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். பிறகு ஊடகத்துறையில் பட்டம், பிறகு இந்த வேலை.

உதவிநிதி மாணவருக்குப் பணம் தருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நேரத்தைத் தருகிறது. இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்; மூன்று நிமிடப் பாட்டுக்குள் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சம்பளச் சீட்டில் ஒரு வரி

இளம் வாசகர்களே, உங்கள் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மசேநிதிப் பிடித்தத்துக்குப் பக்கத்தில் 'சிண்டா' என்று ஒரு வரி இருக்கும். 1991-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு நாம் மாதந்தோறும் கொடுக்கும் தொகை அது. மாதச் சம்பளம் 1,000 வெள்ளிவரை உள்ளவருக்கு 1 வெள்ளி. சம்பளம் ஏற ஏறத் தொகையும் ஏறும். 2,500-க்கு மேல் 4,500 வரை என்றால் 7 வெள்ளி, 7,500 வரை 9 வெள்ளி, 15,000-ஐத் தாண்டினால் 30 வெள்ளி. தமிழர் மட்டுமல்லர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, குஜராத்தி, சிங்களவர் எனப் பலரும் இதில் அடக்கம். விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். விரும்பியவர் கூடுதலாகவும் கொடுக்கலாம்.

மலாய் சமூகத்துக்கு 1982-இல் மெண்டாக்கி, சீனச் சமூகத்துக்கு 1992-இல் சீனர் மேம்பாட்டு உதவி மன்றம் என்று இதே போன்ற அமைப்புகள் உண்டு. இந்திய மாணவர்களின், குறிப்பாகக் கணிதத்தில், தேர்ச்சி பின்தங்கியிருந்தது குறித்த கவலையில் பிறந்ததுதான் சிண்டா. துணைப்பாட வகுப்புகள், வசதி குறைந்த குடும்பங்களுக்கான உதவி, சிறந்த தேர்ச்சி பெற்றோருக்கான விருது என அதன் பணி விரிந்திருக்கிறது. தீபாவளியை ஒட்டி 'புரொஜெக்ட் கிவ்' என்ற நிதித்திரட்டையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. வேலைக்குப் போகும் அந்த அம்மாவின் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை பல ஆண்டுகளாகப் போயிருக்கும். அவர் கணவரின் சம்பளத்திலிருந்தும் போயிருக்கும். தாங்களும் போட்டு வைத்த உண்டியலில் கை வைக்க அவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஊரில் கூட்டுச் சீட்டு போட்டவர், தன் முறை வந்தபோது 'வேண்டாம், யாராவது ஏதாவது நினைப்பார்கள்' என்று ஒதுங்குவாரா?

ரப்பர் பாலில் எழுந்த நூலகம்

சமூகமே சேர்ந்து போடும் உண்டியல் ஒரு வகை. ஒருவரே பெருஞ்செல்வத்தை ஒதுக்கி வைக்கும் அறக்கட்டளை இன்னொரு வகை. இந்த ஊரில் அதற்கு முதலில் நினைவுக்கு வருவது லீ அறநிறுவனம்.

1893-இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து, பத்து வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர் லீ கோங் சியான். மூவாரில் ஒரு ரப்பர் புகைக்கூடத்தில் தொடங்கிய அவரது தொழில், பின்னாளில் லீ ரப்பர் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1952-இல் அவர் தொடங்கியதுதான் லீ அறநிறுவனம். மறு ஆண்டே, சிங்கப்பூரில் ஒரு நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாக அறிவித்தார். ஒரு நிபந்தனை வைத்தார். நூலகம் பொதுமக்கள் அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆங்கிலம் மட்டுமன்றி இங்குள்ள மக்களின் மொழிகளிலும் நூல்கள் இருக்க வேண்டும்.

அது ஆங்கிலேயர் ஆண்ட காலம். நூலகம் என்றால் ஆங்கிலப் புத்தகம் என்றிருந்த நேரம். 1957-இல் அவர் அடிக்கல் நாட்ட, 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்தச் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே அடுக்கேறியது. இன்று விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்கும் லீ அறநிறுவனம் 60 மில்லியன் வெள்ளி கொடுத்தது. அங்குள்ள மேற்கோள் நூலகம் லீ கோங் சியான் பெயரைத் தாங்குவது அதனால்தான். 2011-இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளிக்கு 150 மில்லியன் வெள்ளி கொடுத்ததும் அதே நிறுவனம்.

இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. ரப்பரில் வந்த பணம் அது. மலாயாத் தோட்டங்களில் விடியும் முன் எழுந்து பால்மரம் சீவிய கைகளில் தமிழ்க் கைகள் எத்தனை! அந்த மரங்களின் பாலில் திரண்ட செல்வத்தின் ஒரு பகுதி, ஒரு தமிழ்ப் பிள்ளை காசு கொடுக்காமல் தமிழ்ப் புத்தகம் இரவல் வாங்கும் அடுக்காகத் திரும்பி வந்திருக்கிறது. அதை இனாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செல்வந்தர் மட்டும்தான் கொடுத்தார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதித்திரட்டைத் தொடங்கினார். துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கச் சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள், யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்த காசு அது.

மேசைக்கு அந்தப் பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளையின் நேர்முகக் குழுவில் உட்கார அழைப்பு வந்தது. வணிகர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகத் தொடங்கியது. பெயர் வெளியே வருவதை அந்தக் குடும்பம் விரும்பாது என்பதால் சொல்லவில்லை. படிவம் நிரப்பும் பக்கத்திலிருந்த எனக்கு, படிவம் படிக்கும் பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

முதலில் கற்றுக்கொண்டது, அறக்கட்டளைப் பணத்தில் முதலைத் தொடுவதில்லை என்பது. முதல் வைப்புத்தொகையாக இருக்கும். அதன் வட்டியிலிருந்துதான் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வட்டி விகிதம் விழுந்த ஆண்டுகளில் விருதுகளின் எண்ணிக்கையும் விழுந்திருக்கிறது. நல்ல மாணவர் என்றாலும் 'இந்த ஆண்டு இயலவில்லை' என்று கடிதம் வருவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. மாணவரின் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, விண்ணப்பங்கள் எங்கே விழுகின்றன என்பது. அந்த ஆண்டு 40-க்கு மேற்பட்ட கோப்புகள் வந்தன. கொடுக்க முடிந்தது 12 பேருக்கு. நேர்முகத்துக்கு முன்பே 11 கோப்புகள் ஒதுக்கப்பட்டன. மதிப்பெண் போதாமல் அல்ல. ஒன்றில் தந்தையின் சம்பளச் சான்று இல்லை. ஒன்றில் கையெழுத்து இல்லை. ஒன்றில் 'ஏன் உதவி தேவை?' என்ற கேள்விக்குக் கீழே, 'பணம் வேண்டும்' என்று இரண்டே சொல். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

மூன்றாவதுதான் கடினம். கடைசி ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஒரு மாணவிக்குச் சிறந்த மதிப்பெண், ஓரளவு வசதியான வீடு. இன்னொரு மாணவர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பவர், சுமாரான தேர்ச்சி. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் தந்தையை அழைத்துச் செல்வது அவர்தான். எங்கள் மூவரின் மனமும் அந்த மாணவர் பக்கம். ஆனால் அறக்கட்டளைப் பத்திரத்தில், இந்த விருது 'சிறந்த தேர்ச்சி பெற்றோருக்கு' என்று எழுதியிருந்தது. நிறுவியவர் எழுதி வைத்ததை மீற அறங்காவலர்களுக்கு உரிமை இல்லை. விருது மாணவிக்குப் போனது.

தலைவராக இருந்த பெரியவர் அன்று மாலையே அந்த மாணவரின் வீட்டுக்கு அழைத்து, வருமான அடிப்படையில் உதவும் வேறு இரண்டு இடங்களைச் சொல்லி, படிவத்தையும் அனுப்பி வைத்தார். அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று விசாரிக்காமல் விட்டது என் தவறு. இன்றும் உறுத்துகிறது.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். 'எனக்குக் கிடைக்கவில்லை' என்பதற்கு, 'எனக்குத் தகுதியில்லை' என்று பொருளல்ல. தவறான கதவைத் தட்டியிருக்கலாம். பக்கத்துக் கதவு திறந்திருக்கலாம்.

மேடையும் மாதிரிக் காசோலையும்

கூச்சத்தைப் பற்றிப் பேசும்போது கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் ஆளுயரக் காசோலையைப் பிடித்தபடி நிற்கும் பிள்ளையின் படம் நன்கொடையாளருக்கு மகிழ்ச்சி தரும். நிதி திரட்டவும் உதவும். அதை மறுக்கவில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, மறுநாள் வகுப்புத் தோழர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் எப்படியிருக்கும்?

தேர்ச்சிக்காகத் தரும் விருதை மேடையில் கொடுக்கலாம். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியை நேரே வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். இரண்டையும் ஒரே மேடையில் கலக்கும்போதுதான் 'தெரிந்தால் என்ன நினைப்பார்கள்' என்ற கேள்வி பிறக்கிறது. மேலே சொன்ன சிறிய அறக்கட்டளை, நிகழ்ச்சிக்கு வருவதையும் படம் எடுப்பதையும் மாணவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. பாதிப் பேர் வந்தார்கள். வராதவர்களுக்கும் பணம் அதே நாளில் போய்ச் சேர்ந்தது.

கொடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பொதுநல நிறுவனத் தகுதி பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு 2026 முடியும்வரை 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 100 வெள்ளி கொடுத்தால், வரி கணக்கிடும் வருமானத்தில் 250 வெள்ளி குறையும். ஓர் அறநிறுவனம் பதிவு பெற்றதா, அதன் நிலை என்ன என்பதை அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் யாரும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் எல்லா வேண்டுகோளுக்கும் உடனே பேநவ் செய்யாமல், இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

படிவத்தை எடுக்கும் முன்

நேர்முகக் குழுவில் கற்றதையும் நேயர்கள் கேட்பதையும் சேர்த்துச் சில குறிப்புகள்:

• மூன்று சொற்களைப் பிரித்து அறியுங்கள். உபகாரச் சம்பளம் பெரும்பாலும் தேர்ச்சிக்கு. சிலவற்றில் படிப்பு முடிந்து சில ஆண்டுகள் வேலை செய்யும் ஒப்பந்தமும் இருக்கும். உதவிநிதி வருமானத்தைப் பார்த்துத் தருவது, திருப்பித் தர வேண்டியதில்லை. கல்விக் கடனைத் திருப்பித் தர வேண்டும். சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறநிதி போன்ற அமைப்புகள் வட்டியில்லாமல் தருகின்றன.

• தலா வருமானத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் கேட்பது மசேநிதிக்கு முந்தைய மொத்த வருமானம், கைக்கு வரும் தொகை அல்ல. அதை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வேலைக்குப் போகாத பாட்டியையும் எண்ணுங்கள். நான்கு பேர் என்று எழுதுவதற்கும் ஐந்து பேர் என்று எழுதுவதற்கும் முடிவே மாறிவிடலாம்.

• ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். பெற்றோரின் அண்மைய சம்பளச் சீட்டுகள், மசேநிதி அறிக்கை, தேர்ச்சி அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம். வேலை இழந்திருந்தால் அதற்கான கடிதம். ஒருமுறை சேர்த்து வைத்தால் பல இடங்களுக்கும் உதவும்.

• 'ஏன் உதவி தேவை?' என்பதற்கு ஒரு பத்தி எழுதுங்கள். சோகக் கதை வேண்டாம். வீட்டுச் செலவு என்ன, பிள்ளை எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறது, இந்தப் பணம் எதற்குப் போகும் என்று எண்களோடு சொன்னால் போதும்.

• ஓர் இடத்தோடு நிறுத்தாதீர்கள். கல்விக்கூடத்தின் மாணவர் அலுவலகம், சிண்டா, சமூக மன்றம், கோயில், பள்ளிவாசல், ஊர்ச் சங்கம் எனப் பல கதவுகள் உண்டு. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றைப் பெறலாமா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; வேறெங்கும் பெற்றிருந்தால் மறைக்காதீர்கள்.

• தேதியைக் குறித்து வையுங்கள். நல்ல விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாக வந்தால் அது படிக்கப்படாமலேயே போகக்கூடும்.

அப்பாவிடம் கேட்டேன்

இந்தக் கட்டுரையை எழுதும்போது அப்பாவிடம் அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது. "உனக்கு இல்லன்னு சொல்லணும்னு இல்லம்மா. நான் சம்பாதிக்கிறது பத்தலன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடணுமேன்னுதான்…" என்றவர், தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனை ஆண்டுகள் கழித்து அன்றுதான் எனக்கு அந்த இழுப்பறை புரிந்தது. படிவத்தில் கேட்டது வருமானத்தை. அவருக்குக் கேட்டது வேறு மாதிரி. பிள்ளைகளே, படிவத்தை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எண்களை நீங்கள் எழுதுங்கள். அவர் கையெழுத்து மட்டும் போடட்டும்.

சரி, என் சம்பளச் சீட்டில் சிண்டாவுக்குப் போகும் அந்த வரியை நான் இப்போதெல்லாம் விருப்பத்தோடுதான் பார்க்கிறேன். யாரோ ஒரு பிள்ளைக்கு இரண்டு மாலை நேரம் கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மா மீண்டும் அழைத்தார். இந்த முறை வானொலியிலேயே பேசினார். மகன் பெயரைச் சொல்லி ஒரு பாட்டு கேட்டார். உதவிநிதி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாட்டு தொடங்கிய பிறகு, இணைப்பைத் துண்டிக்கும் முன் மெதுவாகச் சொன்னார்.

"போட்டுட்டேன் தங்கச்சி. மாமியாரையும் சேத்து ஆறு பேருன்னு எழுதியிருக்கேன்."

பதில் இன்னும் வரவில்லையாம். வரட்டும். கேட்டதால் அவர் குரலில் எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.